பரங்கிமலையிலிருந்து பூமியின் மையம் வரை

பூமியின் மேற்பரப்பிலிருந்து அதன் மையம் வரையுள்ள தொலைவு ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர். மனிதன் செங்குத்தாகத் துளையிட்டுச் சென்ற ஆழங்களுள் மிகுதியானது ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. 1970ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அத்துளை 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. அங்கு நிலவிய 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பாறை குழையத் தொடங்கியதால், அதற்குக் கீழே செல்ல முடியாமல் பணி நின்றுபோயிற்று. மையத்திற்குச் செல்லும் வழியில் ஐந்நூறில் ஒரு பங்கைக்கூட மனிதன் கடக்கவில்லை என்பதே இதன் பொருள். ஆயினும், நம் பிள்ளைகள் படிக்கும் புவியியல் பாடநூலில் மேலோடு, கவசம், கருவம் எனப் பூமியின் உட்புறம் அடுக்கடுக்காக வரையப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் ஆழமும் தன்மையும் அங்கே ஐயத்திற்கு இடமின்றிக் கூறப்படுகின்றன.

எவரும் சென்று காணாத இடத்தைப் பற்றி இத்தனை உறுதியாகப் பேச எப்படி முடிந்தது? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோர் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் வாயிலில்தான் போய் நிற்க வேண்டும் என்பதில்லை. சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்தே தொடங்கலாம். பரங்கிமலையையும் பூந்தமல்லியையும் இணைக்கும் சாலை ஒன்று உண்டு. போரூர் வழியாகச் செல்லும் அச்சாலையில் நாள்தோறும் பல்லாயிரவர் பயணம் செய்கின்றனர். பூமியின் உட்புறத்தை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றின் முக்கியமான சில ஏடுகள் அச்சாலையின் இரு முனைகளிலும் கிடக்கின்றன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்பரப்பைப் படித்தவர்கள்

காணாததை அறிய, காண்பதை நுட்பமாக அளக்க வேண்டும். இந்நெறியைத் தெளிவாகப் பற்றி நின்றவர்களுள் ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) குவாரிஸ்ம் நாட்டில் பிறந்த அல்பீரூனி முதன்மையானவர். பஞ்சாபின் ஜீலம் பகுதியில் உள்ள நந்தனா கோட்டையில் தங்கியிருந்தபோது, அருகிலிருந்த மலையின் உயரத்தைக் கோணங்களின் உதவியால் கணக்கிட்டார். பின்னர் மலையுச்சியில் நின்று, தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதை அளந்தார். இவ்விரண்டு அளவுகளை மட்டும் கொண்டு பூமியின் ஆரத்தை வருவித்தார். அவர் கையாண்ட முழ அளவை எவ்வாறு கொள்வது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், பாலைவெளியில் பல நாள் நடந்து அளக்க வேண்டியதை ஒரு மலையில் நின்றே அளந்துவிடலாம் என்று காட்டியது அவருடைய அறிவின் திண்மை.

அவரே இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் மற்றொரு கருத்தையும் பதிவு செய்துள்ளார். மலையடிவாரத்து ஆறுகளில் உருண்டைக் கற்கள் பெரியனவாக இருக்கின்றன. மலையை விட்டு விலக விலக அவை சிறுத்து, கடலுக்கு அருகில் மணலாகிவிடுகின்றன. இதிலிருந்து, வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலால் நிரம்பியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவருடைய சமகாலத்தவரான இப்னு ஸீனா, தம் ‘ஷிஃபா’ என்னும் பெருநூலில், நிலநடுக்கத்தால் நிலம் உயர்வதாலும் நீர் அரிப்பதாலும் மலைகள் உருவாகின்றன என்றும், அதற்கு மிக நீண்ட காலம் தேவை என்றும் விளக்கினார். அப்பகுதி ஏறத்தாழ கி.பி. 1200இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, அரிஸ்டாட்டிலின் எழுத்தாகவே நெடுங்காலம் ஐரோப்பாவில் கருதப்பட்டது. ஒருவருடைய உழைப்பு மற்றொருவர் பெயரில் வழங்குவது அறிவியல் வரலாற்றில் புதிதன்று. அதன் இன்னொரு வடிவத்தைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

பரங்கிமலை அடிவாரத்தில் ஒரு கோடு

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி பரங்கிமலைக்கு அருகிலுள்ள சமவெளியில் சங்கிலி கொண்டு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை அளந்து முடிக்க அவருக்கு ஐம்பத்தேழு நாள்கள் ஆயின. இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கு அதுவே அடித்தளமாயிற்று. அக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் தெற்கே கன்னியாகுமரி நோக்கியும் வடக்கே இமயம் நோக்கியும் விரிந்தன. 1823இல் லாம்டன் மறைந்தபின், ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை ஏற்று 1841இல் இமய அடிவாரம் வரை கொண்டு சென்றார். ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வில்லை அளக்க நான்கு பதிற்றாண்டுகள் சென்றன.

இவ்வரலாற்றைச் சொல்வோர் லாம்டனையும் எவரெஸ்டையும் மறவாமல் சொல்கின்றனர். கணக்கீட்டில் ஈடுபட்ட ராதாநாத் சிக்தாரின் பெயரும் இப்போது ஓரளவு பரவியுள்ளது. ஆனால், நம் தமிழகத்து ஆர்க்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்ஸின் ஹுசைனை அறிந்தோர் மிகச் சிலரே. சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை செய்துவந்த அவருடைய கைத்திறனைக் கண்ட நில அளவைத் தலைவர் வாலன்டைன் பிளாக்கர், 1824இல் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்று கருவிகளைச் செப்பனிடும் பணியில் அமர்த்தினார். ஆங்கிலம் அறியாத அவர், இலண்டனில் செய்யப்பட்ட நுண்கருவிகளின் குறைகளைக் கண்டறிந்து திருத்தும் அளவுக்குத் தேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட கருவி வல்லுநர் ஹென்றி பாரோ பணியிலிருந்து விலகியபின், எவரெஸ்டின் வற்புறுத்தலால் 1843இல் அப்பதவி முஹ்ஸினுக்கே வழங்கப்பட்டது. எவரெஸ்ட் 1847இல் வெளியிட்ட தம் நூலில் அவருடைய அறிவாற்றலைப் பாராட்டி எழுதினார். அந்த அளவையின் பெருமை முழுவதும் அதன் நுட்பத்தில் அடங்கியது. அந்நுட்பத்தைக் காத்த கைகளில் ஆர்க்காட்டுக்காரரின் கைகளும் இருந்தன என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஐந்து விகலை வேறுபாடு

நில அளவைக்கும் பூமியின் உட்புறத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு ஒரு சிறிய வேறுபாட்டிலிருந்து பிறந்தது. மத்திய இந்தியாவின் கலியான்பூர், வடக்குச் சமவெளியின் கலியானா ஆகிய இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இத்தொலைவை முக்கோணங்களால் அளந்தபோது ஒரு விடையும், விண்மீன்களை நோக்கி அளந்தபோது மற்றொரு விடையும் கிடைத்தன. வேறுபாடு 5.236 விகலை. நிலத்தில் அது ஏறத்தாழ 160 மீட்டருக்குச் சமம். கவனக்குறைவானவர்கள் அளந்திருந்தால் இத்தகைய வேறுபாடு பிழைகளுக்குள் மறைந்து போயிருக்கும். அளவை அத்தனை நுட்பமாக இருந்ததனால்தான் அது கண்ணில் பட்டது. எளிதில் தள்ளிவிடவும் முடியவில்லை.

விண்மீனை நோக்கும் கருவியைத் தூக்குநூல் கொண்டுதான் நிலைநிறுத்துவர். இமயமலை தன் பெரும் நிறையால் அந்நூலைத் தன்பக்கம் சற்றே இழுத்திருக்க வேண்டும் என்று கருதிய ஜான் ஹென்றி பிராட் என்னும் கல்கத்தா பாதிரியார், அந்த இழுவையைக் கணக்கிட்டார். வந்த விடை அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. மலையின் நிறைப்படி பார்த்தால் வேறுபாடு 15.885 விகலை இருந்திருக்க வேண்டும். உண்மையில் இருந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியானால், கண்ணுக்குத் தெரியும் இத்தனை பெரிய மலையின் நிறை எங்கே போயிற்று?

1855இல் இங்கிலாந்தின் அரசு வானியலாளர் ஜார்ஜ் எய்ரி இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பூமியின் மேலோடு, தன்னிலும் அடர்த்தி மிகுந்த ஒரு பொருளின்மீது மிதக்கிறது. நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் எது உயரமாக மேலே தெரிகிறதோ, அது அந்த அளவுக்கு ஆழமாக நீருக்குள்ளும் அமிழ்ந்திருக்கும். அதுபோல் மலைக்கு அடியில் இலேசான பாறையாலான ஆழ்ந்த வேர் இருக்கிறது. அடர்த்தி மிக்க பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இலேசான பாறை இருப்பதால், மலையின் இழுவை குறைந்துவிடுகிறது. மலைகள் உயர்ந்தது அடர்த்தி குறைந்ததனால்தான் என்று 1859இல் பிராட் வேறொரு விளக்கம் தந்தார். இரு விளக்கங்களும் இணைந்த கொள்கையே பின்னர் ‘ஐசோஸ்டசி’ எனப் பெயர் பெற்ற புவிச் சமநிலைக் கொள்கையாகும். திபெத்தின் அடியில் மேலோடு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தடிமன் கொண்டது என்பதும், தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது 35 முதல் 45 கிலோமீட்டர் வரைதான் என்பதும் இன்று நிலநடுக்க அலைகளால் உறுதிப்பட்டுள்ளன. மேலோடும் அதன் கீழுள்ள அடுக்கும் வேறு வேறு என்ற எண்ணத்துக்கு அளவைச் சான்று கிடைத்த இடம் இந்தியா. அந்த அளவையின் தொடக்கப் புள்ளி பரங்கிமலை.

நிலநடுக்கம் தந்த செய்தி

மேலோட்டுக்குக் கீழே செல்லும் வழியைத் திறந்ததும் இந்நாட்டு நிகழ்வு ஒன்றே. 1897 ஜூன் 12 அன்று அசாமில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் அதனை ஆராய்ந்து 1899இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். தொலைதூர நாடுகளின் பதிவுகளை ஒப்பிட்டபோது, ஒரே நடுக்கத்திலிருந்து மூவகை அலைகள் மூன்று வெவ்வேறு வேகங்களில் வருவதை அவர் கண்டார். இரண்டு வகை பூமியின் உள்ளே ஊடுருவி வந்தன. மூன்றாவது மேற்பரப்பைச் சுற்றி வந்தது. உள்ளே செல்லும் அலைகள் மையத்துக்கு அருகில் காலந்தாழ்ந்து வருவதைக் கொண்டு, பூமிக்கு நடுவில் வேறு தன்மையுடைய கருவம் ஒன்று உண்டென 1906இல் நிறுவினார். அதன் அளவு பூமியின் ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு என்பது அவருடைய மதிப்பீடு. உண்மையில் அது பாதியைவிடச் சற்று மிகுதி என்பது பின்னர்த் தெரிந்தது.

அதன்பின் விடைகள் விரைந்து வந்தன. 1909இல் மொஹரோவிசிச் மேலோட்டின் அடி எல்லையைக் கண்டார். கருவம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குவதை முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் குட்டன்பர்க் வரையறுத்தார். கருவத்தின் வெளிப்பகுதி நீர்ம நிலையில் உள்ளது என்று 1926இல் ஜெஃப்ரீஸ் காட்டினார். அதற்குள்ளும் திண்மையான உட்கருவம் இருப்பதை 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண் அறிஞர் கண்டறிந்தார். அது தொடங்கும் ஆழம் ஏறத்தாழ 5,150 கிலோமீட்டர். பாடநூலில் நாம் காணும் படம் இவ்வாறுதான் நிறைவு பெற்றது. அப்படத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால், எங்கோ அதிர்ந்த நிலமும் எங்கோ பொறுமையுடன் பதிவுசெய்த ஒருவரும் உண்டு.

ஆழத்திலிருந்து வந்த கருங்கல்

அலைகள் வேகத்தைச் சொல்லும்; வடிவத்தைச் சொல்லும். ஆழத்துப் பாறை கையில் எடுத்தால் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லா. அதைக் காண விரும்புவோர் மீண்டும் பரங்கிமலைக்கே வர வேண்டும். கல்கத்தாவில் 1690களில் மறைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை ஒரு கருநிறக் கல்லால் மூடப்பட்டுள்ளது. அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையும் அதுவும் ஒரே வகை எனக் கண்டு, 1893இல் அதற்குச் ‘சார்னோகைட்’ எனப் பெயரிட்டார். 1900இல் அப்பாறை வரிசை பற்றிய அவருடைய விரிவான ஆய்வு வெளிவந்தது. அதனைப் பின்பற்றி ஏ. பி. சுப்பிரமணியம் 1959இல் சென்னைப் பகுதிச் சார்னோகைட்டை மீண்டும் ஆராய்ந்து எழுதினார். இன்று அன்டார்க்டிகாவிலும் இலங்கையிலும் நார்வேயிலும் இவ்வகைப் பாறை காணப்படுகிறது. எங்குக் கண்டாலும் அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூல இடம் நம் பல்லாவரமே. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதனைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துள்ளது.

கல்தச்சர் இதனைக் கருங்கல் என்பர். உடைத்துப் பார்த்தால் எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பும், நீலம் கலந்த சாம்பல் நிறமும் தெரியும். நீர் கலந்த கனிமங்கள் இதில் மிகக் குறைவு. ஹைப்பர்ஸ்தீன் போன்ற உலர்ந்த கனிமங்களே மிகுதி. ஏறத்தாழ 800 பாகை வெப்பத்திலும், 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தின் அழுத்தத்திலும்தான் இத்தகைய சேர்க்கை உருவாகும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோட்டின் அடிப்பகுதியில் வெந்து இறுகிய பாறை இது. கோலாவில் மனிதன் துளையிட்டு எட்டியதைக் காட்டிலும் மிகுந்த ஆழத்திலிருந்து வந்த ஒன்றைப் பரங்கிமலைப் படிகளில் ஏறுவோர் காலால் மிதித்துச் செல்கின்றனர்.

அது மேலே வந்தது எவ்வாறு? நிலத்தின் அசைவுகள் ஒருபுறம் அதனை உயர்த்தின. மறுபுறம், மேலிருந்த பாறைகளை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்துச் சென்றன. மேற்சுமை குறையக் குறைய, மிதக்கும் கட்டையைப்போல் மேலோடு உயர்ந்துகொண்டே வந்தது. எய்ரி கூறிய அதே சமநிலைக் கொள்கைதான் இதனை விளக்குகிறது. பரங்கிமலையின் அடிவாரத்தில் லாம்டன் அளந்த கோடு இமயம் வரை சென்று ஒரு கொள்கையை ஈன்றது. அக்கொள்கை திரும்பி வந்து, பரங்கிமலையின் கல் எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்லிற்று. அறிவின் வரலாற்றில் இத்தகைய முழுச்சுற்று அரிதாகவே நிகழ்கிறது.

மேற்கே செல்லச் செல்ல

அரிக்கப்பட்டவை எங்கே சென்றன என்பதற்குச் சாலையின் மறுமுனை ஒரு பகுதி விடையைத் தருகிறது. பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி ஆகிய இடங்களிலும் அவற்றுக்கு மேற்கே திருப்பெரும்புதூர் வரையிலும் ஆற்று வண்டலுக்குக் கீழே களிப்பாறைகளும் மணற்பாறைகளும் கிடக்கின்றன. இந்தியா அன்டார்க்டிகாவிலிருந்து பிரிந்துகொண்டிருந்த காலத்தில், தாழ்ந்த பள்ளங்களில் படிந்த பாறைகள் இவை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட தாவரங்களின் இலைப் பதிவுகள் இவற்றில் கிடைத்துள்ளன. இப்பகுதியை முறையாக ஆராய்ந்து 1873இல் எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். ஆவடி என்ற பெயரே நிலவியல் நூல்களில் ஒரு களிப்பாறை வரிசைக்கு வழங்குகிறது. தொடர்வண்டி நிலையமாகவும் படைத்தளவாடத் தொழிற்சாலையாகவும் மட்டுமே ஆவடியை அறிந்தோருக்கு இது புதிய செய்தியாக இருக்கும்.

இப்பாறைகளுக்கு மேலே செம்புரைக்கல் பரவிக் கிடக்கிறது. அதன் நிறமே செங்குன்றத்துக்குப் பெயரைத் தந்தது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் இத்தகைய செந்நிறச் சரளையிலிருந்துதான் ஃபூட் இந்தியாவின் பழங்கற்காலக் கருவியை முதன்முதலாகக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கம், கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ளது. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கு நடத்திய அகழாய்வின்படி, மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆழத்தில் கருங்கல், அதன்மேல் களிப்பாறை, அதன்மேல் செம்புரை, அதிலே மனிதனின் கைப்பட்ட கல் என, இவ்வட்டாரம் ஒரு பெருநூலின் ஏடுகளாக அடுக்கப்பட்டுள்ளது.

எஞ்சியிருப்பதைக் காத்தல்

இந்நூலின் ஏடுகள் விரைந்து கிழிந்து வருகின்றன. பல்லாவரம், திரிசூலம் முதல் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் வரை கருங்கல் ஜல்லிக்காக மலைகளும் நிலங்களும் வெட்டப்பட்டன. நகரின் வீடுகளும் சாலைகளும் அக்கல்லால்தான் எழுந்தன. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. 2017ஆம் ஆண்டின் கடும் வறட்சியில், சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் செம்பரம்பாக்கத்தில் தூய்மைப்படுத்திச் சென்னை மக்கள் பருகினர். நீர் கசிந்து வெளியேறாதபடி அந்தக் குழிகளைக் காத்தது அதே கெட்டியான பாறைதான். நிலத்தின் அடுக்குகளை அறிவது ஏட்டுக்கல்வி மட்டுமன்று, குடிநீரைப் பற்றிய அறிவும் ஆகும் என்பதை அந்த ஆண்டு உணர்த்திற்று. களிப்பாறை நீரை எளிதில் விடாது. கருங்கல் தன் வெடிப்புகளில் மட்டுமே நீரைத் தேக்கும். ஆற்று மணலே நீரைத் தாராளமாகத் தரும். கிணறு வெட்டுவோர் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். ஆழ்துளை இயந்திரத்தை நம்பும் இன்றைய தலைமுறையோ, தன் வீட்டுக்குக் கீழே எந்த அடுக்கு இருக்கிறது என்பதை அறியாமலே இருக்கிறது.

ஆகவே, நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. குவாரிகளை நிரப்பிக் கட்டடம் எழுப்பும் முன், ஓரிரு இடங்களிலேனும் வெட்டுச் சுவரை மாணவர் காணும்படி விட்டுவைக்கலாம். திருப்பெரும்புதூர்ப் பகுதியில் அடித்தளம் தோண்டும்போது வெளிப்படும் இலைப் பதிவுகளைக் கல்லூரிகளின் நிலவியல் துறைகள் திரட்டி வைக்கலாம். அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ படிக்கும் ஒரு மாணவி மேலோடு என்ற சொல்லை முதன்முறை வாசிக்கும்போது, ஆசிரியர் அவளைப் பரங்கிமலைக்கு அழைத்துச் சென்று கருங்கல்லைத் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். அப்போது அடுக்குகளின் ஆழத்தோடு ஆர்க்காட்டு முஹ்ஸினின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். தன் ஊருக்கு அண்மையில் பிறந்த ஒருவர் இலண்டன் கருவியின் குறையைத் திருத்தினார் என்பதை அறியும் பிள்ளை, அறிவியல் பிறருடைய உடைமை என்று ஒருபோதும் கருதாது.